பள்ளியைக் கட்டிய பணம் ஊராட்சியைக் கட்டியதா?

1985 ஆகஸ்ட் 29 அன்று பொலிவியாவின் குடியரசுத் தலைவர் விக்டர் பாஸ் எஸ்தென்சோரோ 21060 என்ற எண்ணுள்ள அரசாணையை வெளியிட்டார். நாட்டின் பணவீக்கம் அப்போது ஆண்டுக்குப் பல ஆயிரம் விழுக்காடு. மாதத் தொடக்கத்தில் வாங்கிய சம்பளம் மாதம் முடிவதற்குள் பாதியாகக் கரைந்துவிடும். அந்த ஆணை விலைக் கட்டுப்பாடுகளை நீக்கியது. அரசுச் செலவைக் கடுமையாக வெட்டியது. சில வாரங்களில் விலைவாசி அடங்கிவிட்டது. ஆனால் அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்தது. அரசுச் சுரங்க நிறுவனமான கோமிபோல், தன் ஏறத்தாழ 30,000 தொழிலாளர்களில் 20,000 பேருக்கும் மேல் வேலையை விட்டு அனுப்பியது. தலைமுறை தலைமுறையாக வெள்ளீயம் தோண்டிப் பிழைத்த மலையூர்களிலிருந்து குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரங்களின் விளிம்புகளுக்கும் கீழ்ச்சமவெளிக்கும் இறங்கின.

இந்த நெருக்கடிக்கு மருந்தாக 1986 இறுதியில் பிறந்ததுதான் ‘அவசரச் சமூக நிதியம்’. இன்று உலகின் பல நாடுகளில் இயங்கும் சமூக நிதியங்களுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி. அதன் தலைமைப் பொறுப்பு பெர்னாண்டோ ரொமேரோ என்ற தொழிலதிபரிடம் தரப்பட்டது. நிதியம் எந்த அமைச்சகத்தின் கீழும் வரவில்லை; நேரே குடியரசுத் தலைவரின் கீழ் இயங்கியது. ஊழியர்களுக்கு அரசுச் சம்பள விகிதம் பொருந்தாது. கொள்முதல் விதிகளும் தனி. உலக வங்கியும் அயல்நாட்டு அரசுகளும் கொடுத்த பணம் பெரும்பகுதி.

நிதியம் தானாக எந்த வேலையையும் செய்யவில்லை. ஒரு நகராட்சியோ, திருச்சபையோ, தொண்டு நிறுவனமோ, ஊர்ச் சங்கமோ “எங்களுக்குப் பள்ளிக் கட்டடம் வேண்டும்”, “சாக்கடை வேண்டும்”, “பாசன வாய்க்கால் வேண்டும்” என்று விண்ணப்பிக்க வேண்டும். நிதியத்தின் பொறியாளர் மதிப்பீட்டைப் பார்ப்பார். ஒப்புதல் கிடைத்ததும் தனியார் ஒப்பந்ததாரர் வேலையைத் தொடங்குவார். வேலை நடக்க நடக்கப் பணம் வரும். அமைச்சகத்தில் ஆண்டுக்கணக்கில் நகராத கோப்பு இங்கே சில மாதங்களில் கட்டடமாக எழுந்து நின்றது. கடன் கொடுப்பவர்களை மயக்கியது இந்த வேகம்தான். 1990இல் ஹோண்டுராஸ், 1991இல் பெரு, எகிப்து, இலங்கையின் ஜனசவிய நம்பிக்கை நிதியம், 1997இல் யேமன் என்று ஒவ்வொரு நாடாக இதே அமைப்பை எடுத்துக்கொண்டன. யேமனின் நிதியம் உள்நாட்டுப் போருக்கு நடுவிலும் கிராமங்களில் வேலை கொடுத்து வந்திருக்கிறது. அதை லேசாக எண்ணிவிட முடியாது.

இந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. நிதியங்களை எடைபோட வேண்டுமானால் அந்த விலையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. பொலிவிய நிதியத்தின் வேலைத்தளங்களில் இருந்தவர்கள் யார் என்று பிறகு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் ஏற்கெனவே கட்டட வேலை தெரிந்தவர்கள். மாவட்டவாரியாகப் பணத்தைப் பிரித்துப் பார்த்தால் வசதியான பகுதிகளுக்குத் தலைக்குக் கிடைத்த தொகை, மிக ஏழ்மையான பகுதிகளுக்குக் கிடைத்ததைவிட இரு மடங்குக்கும் மேல். இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை, அமைப்பே அப்படிப்பட்டது. கேட்பவருக்குக் கொடுப்பது நிதியத்தின் நெறி. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர், பொறியாளரைத் தெரிந்தவர், தலைநகருக்கு இரண்டு முறை பேருந்துக் காசு போட்டுப் போய்வர முடிந்தவர் முதலில் கேட்டார். ஆள் பேச்சே எட்டாத மலைமுகட்டு ஊருக்குக் கேட்கத் தெரியவில்லை, அதனால் கிடைக்கவில்லை.

1990இல் அவசர நிதியம் ‘சமூக முதலீட்டு நிதியம்’ என்ற நிலையான அமைப்பாக மாறியது. வேலை கொடுப்பதிலிருந்து கல்வி, சுகாதாரம், குடிநீர் ஆகியவற்றுக்குக் கவனம் திரும்பியது. இதன் பலனை அளந்த ஆய்வு 2002இல் வெளியானது. சுகாதார நிலையங்களைச் சீரமைத்து மருந்தும் கருவியும் கொடுத்த இடங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு குறைந்தது. இந்த ஒன்றுக்காகவே நிதியத்துக்கு நன்றி சொல்லலாம். குடிநீர்த் திட்டங்கள் நீரின் அளவைக் கூட்டின. மக்களுக்குப் பயிற்சியும் சேர்ந்தபோதுதான் நீரின் தரம் உயர்ந்தது. பள்ளிகளிலோ கட்டடம் நன்றாக இருந்தது. பிள்ளைகளின் படிப்பில் பெரிய முன்னேற்றம் எதுவும் புலப்படவில்லை.

ஏன் என்பதை ஊகிப்பது கடினமல்ல. சுவர், கூரை, மேசை, கழிவறை இவை நிதியத்தின் கைக்குள் இருப்பவை. ஆசிரியரை நியமிப்பதும், அவருக்குச் சம்பளம் கொடுப்பதும், அவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பதும் வேறொருவரின் கையில் இருந்தன. ஆண்டுதோறும் வரும் செலவை ஏற்க ஓர் அரசு வேண்டும். கிராமத்துக்கு அருகில் அப்படி ஒரு அரசு இல்லை. அப்போது பொலிவியாவில் நகராட்சி என்பது நகர மையத்தோடு முடிந்துவிடும். கிராமப்புறத்துக்கு உள்ளாட்சியே கிடையாது என்று சொன்னாலும் மிகையில்லை.

1994 ஏப்ரல் 20

அன்று வெளியான 1551ஆம் எண் சட்டம், ‘மக்கள் பங்கேற்புச் சட்டம்’, இந்த வெற்றிடத்தை நிரப்ப முயன்றது. கொன்சாலோ சாஞ்சஸ் டி லொசாடா அப்போது குடியரசுத் தலைவர். நாட்டின் நிலப்பரப்பு முழுவதும் 311 நகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. கிராமங்களும் அவற்றுக்குள் வந்தன. தேசிய வரி வருவாயில் 20 விழுக்காடு, மக்கள்தொகைக் கணக்குப்படி தலைக்கு இவ்வளவு என்று, தானாகவே நகராட்சிக் கணக்கில் போய்ச் சேரும். பள்ளி, மருத்துவ நிலையம், உள்ளூர்ச் சாலை, சிறு பாசனம் எல்லாவற்றின் உடைமையும் பொறுப்பும் நகராட்சிக்கு வந்தன. ஊர்ச் சங்கங்கள், பூர்வகுடி அமைப்புகளிலிருந்து ஒரு கண்காணிப்புக் குழு அமையும். முறைகேடு என்று அது முறையிட்டால் மத்திய அரசின் பணப்பட்டுவாடாவை நிறுத்திவைக்கலாம்.

இச்சட்டத்துக்கு முன் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் 86 விழுக்காட்டை லா பாஸ், கோச்சபம்பா, சாந்தா குரூஸ் என்ற மூன்று நகரங்களே எடுத்துக்கொண்டன. சட்டத்துக்குப் பின் அவற்றின் பங்கு 27 விழுக்காடு. மீதி 73 விழுக்காடு மற்ற 308 நகராட்சிகளுக்கு. பொருளியல் அறிஞர் ழான்-போல் ஃபகே இந்தப் பணம் எங்கே போனது என்று பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தவர். மத்திய அரசு முதலீடு செய்தபோது சாலைக்கும் தொழிலுக்கும் மின்சாரத்துக்கும் முன்னுரிமை. நகராட்சிகள் முடிவெடுத்தபோது கல்வி, குடிநீர், துப்புரவு முன்னுக்கு வந்தன. எழுத்தறிவு குறைந்த ஊர் கல்விக்குக் கூடுதலாக ஒதுக்கியது. குழாய் இல்லாத ஊர் குடிநீருக்கு ஒதுக்கியது. தேவை எதுவென்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

சமூக முதலீட்டு நிதியமும் மாற வேண்டியதாயிற்று. இனி அது நினைத்த இடத்தில் பள்ளி கட்ட முடியாது. நகராட்சியின் ஆண்டுத் திட்டத்தில் அந்தப் பள்ளி இடம்பெற வேண்டும். நகராட்சி தன் பங்குத் தொகையை வைக்க வேண்டும். பராமரிப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும். உள்ளாட்சியைச் சுற்றிக்கொண்டு போன பணம் உள்ளாட்சியின் வாசல் வழியாக நுழைந்தது. சமூக நிதியங்களின் வரலாற்றில் இதைவிட முக்கியமான திருப்பம் எனக்குத் தெரியவில்லை. இது நிதியம் தன்னைத் தானே திருத்திக்கொண்டதால் நேரவில்லை. வெளியே ஒரு சட்டம், ஒரு வரிப் பங்கீடு, ஒரு தேர்தல் வந்ததால் நேர்ந்தது.

ஆனால் சட்டம் வந்த எல்லா ஊரும் ஒரே மாதிரி எழவில்லை. ஃபகே இரண்டு ஊர்களை எதிரெதிரே வைத்து எழுதியிருக்கிறார். அந்தப் பகுதி உள்ளாட்சியில் அக்கறையுள்ள எவரும் படிக்க வேண்டியது. ஒன்று வியாச்சா. லா பாஸுக்கு அருகில், உயர்பீடபூமியில், ஆலைகள் நிறைந்த வசதியான நகரம். மற்றொன்று சராகுவா. பராகுவே எல்லையோரம், சாக்கோ வறண்ட நிலத்தில், பரப்பில் மிகப் பெரியதும் வருவாயில் ஏழ்மையானதுமான நகராட்சி. எது நன்றாக ஆளப்படும் என்று முன்கூட்டிக் கேட்டிருந்தால் பெரும்பாலோர் வியாச்சாவைச் சொல்லியிருப்பார்கள். நடந்தது நேர்மாறு. வியாச்சாவில் ஒரு மதுபான ஆலையும் அதன் ஆதரவுக் கட்சியும் ஊரின் அரசியலைத் தம் பிடியில் வைத்திருந்தன. எதிர்க்கட்சிகள் வாடின. கண்காணிப்புக் குழு பிளவுபட்டுச் செயலிழந்தது. பணம் ஊதாரித்தனமாகச் செலவானது.

சராகுவாவில் கால்நடைப் பண்ணையாளர்களும் குவாரனி மக்களும் இருந்தார்கள். 1892இல் குருயுக்கி என்ற இடத்தில் படையிடம் தோற்றுப் பேரழிவைக் கண்ட இனம் குவாரனி. அதன்பின் அவர்களில் பலர் பண்ணைகளில் கடன் அடிமைகளாக வாழ்ந்தார்கள். 1987இல் குவாரனி மக்கள் பேரவை உருவானது. ஊர்ஊராகக் கூட்டம் போட்டு, தமக்குள் பேசித் தீர்த்து, ஒரே குரலாக வெளியே பேசப் பழகிய அமைப்பு அது. 1994இன் சட்டம் வந்தபோது பணத்தைக் கேட்கவும் கண்காணிக்கவும் அவர்கள் தயாராக இருந்தார்கள். கட்சிகள் அவர்களிடம் வந்து பேச வேண்டியிருந்தது. பண்ணையாளர்களும் விலகிவிடவில்லை, பேரம் பேசினார்கள். 2017 ஜனவரியில் பொலிவியாவின் முதல் பூர்வகுடித் தன்னாட்சி அரசு அமைந்தது இதே சராகுவாவில்தான். அங்கே மக்களைத் திரட்டியது நிதியமல்ல. பணம் வருவதற்கு ஏழாண்டுகள் முன்பே அவர்கள் திரண்டிருந்தார்கள்.

பணம் கொடுத்தால் சமூகம் திரளுமா?

2000க்குப் பின் உலக வங்கியும் பிற நிறுவனங்களும் இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் சொல்லிப் பெருந்தொகை செலவிட்டன. நிதியத்தின் பொறியாளருக்குப் பதில் கிராமக் குழுவே முடிவெடுக்கும், கிராமக் குழுவின் வங்கிக் கணக்குக்கே பணம் போகும் என்று அமைப்பு மாறியது. ‘மக்கள் வழிநடத்தும் வளர்ச்சி’ என்று இதற்குப் பெயர். ஒரு பத்தாண்டில் மட்டும் ஏறத்தாழ 85 பில்லியன் டாலரைப் பங்கேற்பு வளர்ச்சிக்கு ஒதுக்கியதாக உலக வங்கியின் ஆய்வாளர்கள் கசாலா மன்சூரியும் விஜயேந்திர ராவும் 2013இல் எழுதினார்கள்.

இத்தனை பணத்தின் பலனை மிகக் கவனமாகச் சோதித்தது சியரா லியோன். 2002இல் உள்நாட்டுப் போர் முடிந்த நாடு. பொம்பாலி, பொந்தே மாவட்டங்களில் ‘கோபிஃபோ’ என்ற திட்டத்துக்கான ஊர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தார்கள். வீட்டுக்கு ஏறத்தாழ 100 டாலர் கணக்கில் பணம், அதோடு ஊர்க் குழு அமைத்தல், பெண்களையும் இளைஞர்களையும் பேச வைத்தல் எல்லாம் நடந்தன. காத்தரின் கேசி, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், எட்வர்டு மிகுவெல் மூவரும் பலனை அளந்தார்கள். அவர்கள் வெறும் கேள்வித்தாளோடு போகவில்லை. திட்டம் முடிந்த பின், திட்டம் நடந்த ஊருக்கும் நடக்காத ஊருக்கும் ஒரு பெரிய தார்ப்பாயை இலவசமாகக் கொடுத்தார்கள். பொதுவுக்குப் பயன்படுகிறதா, ஒரு வீட்டுக்குள் போய்விடுகிறதா என்று பின்னர் வந்து பார்த்தார்கள். உப்பா, பேட்டரியா எது வேண்டும் என்று ஊரைத் தேர்வு செய்யச் சொல்லி, கூட்டத்தில் யார் பேசுகிறார்கள், யார் முடிவு செய்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். முடிவு தெளிவானது. திட்டம் நடந்த ஊர்களில் பள்ளியும் கழிவறையும் களமும் கூடின. ஊர் முடிவெடுக்கும் விதத்தில் மாற்றமில்லை. பெண்கள் முன்பு போலவே பேசாமல் இருந்தார்கள். பழைய தலைவர்களே பழையபடி முடிவு செய்தார்கள். பதினோரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் கட்டியவை நின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆப்கானிஸ்தான் இன்னும் கசப்பான ஒன்றைக் காட்டியது. 2003இல் அங்கே தொடங்கிய தேசிய ஒற்றுமைத் திட்டம் ஊர்தோறும் ரகசிய வாக்கெடுப்பில் சபைகளை உருவாக்கியது. பெண்களுக்கும் அவற்றில் இடம் இருந்தது. பின்னர் 500 ஊர்களில் உணவு உதவிப் பங்கீட்டை வைத்து ஒரு சோதனை நடந்தது. தேர்ந்தெடுத்த சபையிடமே பங்கீட்டை ஒப்படைத்த இடத்தில் தகுதியானவர்களுக்கு உதவி போய்ச் சேர்ந்தது. யார் பொறுப்பு என்று சொல்லாமல் விட்ட ஊர்களில் நிலைமை வேறு. புதிய சபையும் பழைய பெரியவர்களும் ஒருங்கே இருந்த அங்கே, சபையே இல்லாத ஊர்களைவிடக் கையாடல் கூடியது. ஓர் ஊரில் இரண்டு அதிகாரங்களை வைத்து எல்லையைச் சொல்லாமல் விட்டால் கேள்வி கேட்க வேண்டியவருக்கு யாரைக் கேட்பது என்றே தெரியாமல் போகிறது. திட்டத்துக்கென்று ஒரு குழு, ஊராட்சிக்கென்று ஒரு மன்றம் என்று நம் ஊர்களிலும் அடுக்கிக்கொண்டே போகும் அதிகாரிகள் இந்த முடிவை மனத்தில் கொள்வது நல்லது.

இந்தோனேசியாவில் 1998இல், ஆசியப் பொருளாதார நெருக்கடியும் சுகார்தோவின் வீழ்ச்சியும் ஒன்றாக வந்த ஆண்டில், வட்ட அளவிலான வளர்ச்சித் திட்டம் ஒன்று தொடங்கியது. வட்டத்துக்கு ஒரு மொத்தத் தொகை. கிராமங்கள் போட்டியிட்டு வேலைகளை முன்மொழியும். செலவுக் கணக்கு ஊர்ப் பலகையில் எழுதப்படும். பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளியலாளர் இத்திட்டத்தில் சாலை போட்ட 608 ஊர்களை எடுத்துக்கொண்டார். பொறியாளர்கள் சாலையை ஆங்காங்கே தோண்டி, எவ்வளவு கல், எவ்வளவு மணல் போட்டிருக்கிறார்கள் என்று அளந்தார்கள். ஊர்க் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டார்கள். கணக்கில் காட்டிய செலவில் ஏறத்தாழக் கால்பங்கு சாலையில் இல்லை.

சில ஊர்களில் அரசுத் தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். அதுவரை தணிக்கைக்கான வாய்ப்பு 4 விழுக்காடுதான். காணாமல்போன தொகை 8 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. வேறு சில ஊர்களில் தணிக்கைக்குப் பதில் மக்களைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். கூட்டம் நிறைந்தது, ஆனால் மொத்தத் திருட்டு குறையவில்லை. உள்ளே பார்த்தால் ஒரு நுட்பம். கூலியில் நடந்த திருட்டு குறைந்தது. பொருள்களில் நடந்தது குறையவில்லை. தன் கூலி எவ்வளவு என்று தொழிலாளிக்குத் தெரியும். சாலைக்கு எத்தனை கன மீட்டர் ஜல்லி வந்தது என்று தெரியாது. தனக்குத் தெரிந்ததையும் தன்னுடையதையும் மக்கள் காப்பாற்றிக்கொள்கிறார்கள். தெரியாததைக் காக்க அவர்களுக்கு ஒரு தணிக்கையாளர் வேண்டும். இன்னொன்றையும் ஓல்கன் கண்டார்: தணிக்கை வந்த ஊர்களில் திட்டப் பொறுப்பாளர்களின் உறவினர்களுக்கு வேலை கொடுப்பது கூடியது. ஒரு வாசலை அடைத்தால் இன்னொரு வாசல் திறக்கும். அதனால் மக்கள் பங்கேற்பு வீண் என்றோ, தணிக்கையே போதும் என்றோ முடிவு கட்டுவது அவசரம். இரண்டும் சேர வேண்டும்; தணிக்கையாளர் கண்டதை ஊர்க்கூட்டத்தில் படிக்க வேண்டும்.

இந்தோனேசியா அங்கேயே நிற்கவில்லை. 2007இல் அத்திட்டம் நாடு முழுவதற்கும் விரிந்தது. 2014இல் கிராமச் சட்டம் வந்தது. அதன்பின் தனித் திட்டம் என்று ஒன்று இல்லாமல், 70,000க்கும் மேற்பட்ட கிராமங்களுக்கு அரசு வரவு செலவுத் திட்டத்திலிருந்தே நேரடியாகப் பணம் போகிறது. பதினாறு ஆண்டுகள் திட்டமாக ஓடியது சட்டமாக மாறிய கதை இது. பொலிவியாவும் இந்தோனேசியாவும் தம்மிடையே எந்தத் தொடர்பும் இல்லாமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

நம் பக்கம்

தமிழ்நாட்டில் சமூக நிதியம் என்ற பெயரில் எதுவும் இல்லை. அதன் கூறுகள் பல பெயர்களில் உண்டு. 1997இல் தொடங்கிய ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் ஒரு பங்குத் தொகை கட்டினால் மீதியை அரசு போடும். ஊரின் ஈடுபாட்டை இது வெளிக்கொணர்ந்தது. எத்தனையோ பள்ளிகளுக்குச் சுற்றுச்சுவரும் வகுப்பறையும் இப்படி வந்தன. ஆனாலும் பங்குத் தொகை கட்ட முடிந்த ஊருக்கு, வெளிநாட்டில் பிள்ளைகளும் பக்கத்தில் ஆலையும் உள்ள ஊருக்கு, இது எளிது. கூலி வேலையை நம்பியிருக்கும் குடியிருப்புக்கு எளிதல்ல. பொலிவிய நிதியத்தில் பார்த்த அதே சாய்வுதான். 2006இல் வந்த ‘அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்’ எதிர்ப்பக்கம் போனது. ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய், எல்லா ஊராட்சிக்கும், ஐந்தாண்டுகளில். சமத்துவம் இருந்தது. ஆனால் நூலகம், விளையாட்டுத் திடல், குளம், சுடுகாடு என்று வேலைப் பட்டியலைச் சென்னை எழுதியது.

2005இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய புது வாழ்வுத் திட்டம் இவற்றைவிட ஆழமாக யோசித்தது. முதலில் 16 மாவட்டங்களில் 2,509 ஊராட்சிகள். பின்னர் 26 மாவட்டங்களில் 4,174 ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கிராம வறுமை ஒழிப்புச் சங்கம். குடியிருப்புவாரியாகப் பெண்கள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகள் அதில் உறுப்பினர். ஊராட்சித் தலைவரே சங்கத்துக்கும் தலைவர். ‘மக்கள் நிலை ஆய்வு’ என்று ஊரே கூடி உட்கார்ந்து, மிகவும் ஏழை யார், ஏழை யார், நடுத்தரம் யார், வசதியானவர் யார் என்று பேசிப் பட்டியல் போடும். கிராம சபை அதை ஏற்க வேண்டும். சங்கத்தின் கணக்கைப் பார்க்க ஊருக்குள்ளேயே ஒரு சமூகத் தணிக்கைக் குழு. அலுவலகத்தில் தயாராகும் வறுமைப் பட்டியலில் பெயர் விடுபட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்த விதவைகளையும் மாற்றுத்திறனாளிகளையும் அறிந்தவர்களுக்கு, பட்டியலை ஊர் முன்னால் படிப்பது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

தலைவர் நாற்காலியில் ஊராட்சித் தலைவரை வைத்தது, உள்ளாட்சியைச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான். ஆயினும் சங்கத்துக்கு வங்கிக் கணக்கு தனி, கணக்கர் தனி, பயிற்சி தனி. ஊராட்சியின் சொந்த வரவு செலவு, அதாவது வீட்டு வரி, மாநில நிதி ஆணையப் பங்கு, தெருவிளக்கு, குடிநீர் மோட்டார், பழைய முறையிலேயே நடந்தது. பத்தாண்டுகளாகக் கணக்கு எழுதவும் கூட்டம் நடத்தவும் கேள்வி கேட்கவும் பழகிய பெண்களின் திறமை ஊராட்சி மன்றத்தின் கணக்குப் புத்தகம் வரை போய்ச் சேரவில்லை. அடுத்து வந்த ‘வாழ்ந்து காட்டுவோம்’ திட்டம் தொழில் முனைவுக்கும் உற்பத்தியாளர் குழுக்களுக்கும் கவனத்தைத் திருப்பியது. அதற்கும் தேவை உண்டு. உள்ளாட்சி என்ற கேள்வி மட்டும் ஓரத்துக்குப் போய்விட்டது.

கிராம சபையில் யார் பேசுகிறார்கள் என்பதை ரம்யா பார்த்தசாரதியும் விஜயேந்திர ராவும் நேத்ரா பழனிசாமியும் தமிழ்நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். 250க்கும் மேற்பட்ட கிராம சபைக் கூட்டங்களில் பேசியதை வரிக்கு வரி எழுத்தில் பதிவு செய்து அலசிய ஆய்வு அது. வந்து உட்கார்ந்தவர்களில் பெண்களே அதிகம். பேசியதில் அவர்கள் பங்கு குறைவு. புது வாழ்வுத் திட்டம் நடந்த ஊர்களில் பெண்கள் கூடுதலாக வந்தார்கள், கூடுதலாகப் பேசினார்கள். சியரா லியோனில் நடக்காதது இங்கே நடந்திருக்கிறது. பெருமைப்படலாம். ஆனால் அவர்கள் கிளப்பிய பொருள் கூட்டத்தின் பேச்சைத் திருப்பியதா, அதிகாரி உருப்படியாகப் பதில் சொன்னாரா என்று பார்த்தால் ஏமாற்றமே. ஊராட்சித் தலைவர் பெண்ணாக இருந்த இடங்களில் பெண்களின் கேள்விக்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பு கூடியது. திட்டம் பேச வைத்தது. பதில் சொல்ல வைத்தது தேர்தலும் இட ஒதுக்கீடும் கொண்டுவந்த பதவி.

அடுத்த மாநிலமான கேரளம் 1996இல் மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளிடமே ஒப்படைத்தது. தனி நிதியம் எதுவும் தேவைப்படவில்லை. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ பெண்கள் அமைப்பை உள்ளாட்சியோடு அடுக்கடுக்காகப் பின்னியது. அங்கும் குறைகள் உண்டு. கட்சி அரசியலின் கை நீளம். ஆனால் ஊராட்சித் தலைவரிடம் கேட்டால் பணம் உண்டா இல்லையா என்று பதில் வரும். “அது திட்டத்தின் கணக்கு, எனக்குத் தெரியாது” என்று கைவிரிக்க முடியாது.

மன்சூரியும் ராவும் தம் நூலில் ஒரு வேறுபாட்டை வலியுறுத்துகிறார்கள். விடுதலைப் போராட்டம், தொழிற்சங்கம், குவாரனிப் பேரவை போலத் தாமாகத் திரள்வது ஒன்று. திட்ட அலுவலர் தேதி குறித்து, வருகைப் பதிவேடு போட்டுத் திரட்டுவது இன்னொன்று. இரண்டாவது பயனற்றது என்று அவர்கள் சொல்லவில்லை; மேலே பொறுப்பான அரசும் நீண்ட காலமும் இல்லாமல் அது வேர்பிடிக்காது என்கிறார்கள். ஐந்தாண்டுத் திட்டத்துக்குள் ஒரு ஊரின் நூறாண்டு வழக்கத்தை மாற்றிக் காட்டு என்று கேட்பது நியாயமல்ல. தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். திட்டம் ஒருமுறை வந்து போய்விடும். ஆகவே போர், பஞ்சம், பெரும் வேலையிழப்பு போன்ற நெருக்கடியில் சமூக நிதியம் உயிர்காக்கும் கருவி, தயங்காமல் அதைப் பயன்படுத்தலாம். நெருக்கடி தணிந்த பின் அது எவ்வளவு சீக்கிரம் தன் பணத்தையும், கணக்கு எழுதும் முறையையும், பயிற்சி பெற்ற ஆட்களையும் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சியிடம் ஒப்படைக்கிறது என்பதை வைத்தே அதற்கு மதிப்பெண் போட வேண்டும்.

ஒப்படைக்க ஓர் உள்ளாட்சி இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் வரையும், எஞ்சிய ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரையும் தேர்தல் நடக்கவில்லை. அந்த ஆண்டுகளில் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது; மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள். ஐந்தாண்டு முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 முதல் சொல்லி வருகிறது. எந்தத் திட்டத்துக்கு எத்தனை கோடி என்று கேட்பதற்கு முன், நம் ஊராட்சித் தேர்தல் எப்போது என்று ஒவ்வொரு கிராம சபையும் தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டும்.